சூட்டுக்குப் பின் வரும் ஈரம்

2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டம் ஜெராமில் உள்ள ஒரு முட்டைக்கோழிப் பண்ணையின் முட்டைகளில் சால்மோனெல்லா எண்டரிடிடிஸ் என்ற கிருமி காணப்பட்டதால், இறக்குமதியாளர்கள் அவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டும் என்றது அந்த அறிவிப்பு. வாங்கியவர்கள் முட்டையை நன்றாக வேகவைத்துச் சாப்பிடும்படியும் கேட்டுக்கொண்டது. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் பேச்சு முட்டையோடு நின்றுவிடுகிறது. அந்தக் கோழி என்ன தின்றது, அந்தத் தீனி எங்கே அரைபட்டது, எந்தக் கிடங்கில் எத்தனை நாள் கிடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. ஜெராம் பண்ணைக்குத் தீனி வழியாகத்தான் கிருமி வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. குஞ்சு வழியாகவும் எலி வழியாகவும் வரக்கூடியது அது. ஆனால் தீனி என்ற வழியை நாம் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. கவனிக்கும்போதும் தவறான இடத்தில் கவனிக்கிறோம். தீனியைச் சூடாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்புகிறோம். அந்தச் சூட்டுக்குப் பிறகு தீனி நகரும் பாதையில், ஈரமும் தூசியும் சேரும் மூலைகளில்தான் கிருமி குடியேறுகிறது. தடுப்பு வேலையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

வட சிலாங்கூரை முன்வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. தீனிக்கான மூலப்பொருளும் அதைத் தின்னும் ஆடுமாடு, கோழிகளும் இங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை அருகே, தென்னமரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்ரி ஃபொக்கோனியே செம்பனை நட்டார். மலாயாவில் வணிகத்துக்காகச் செம்பனை பயிரிட்ட முதல் தோட்டம் அதுதான். செம்பனைக் கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பைப் பிழிந்து எண்ணெய் எடுத்த பிறகு எஞ்சும் புண்ணாக்கை மாடு வளர்ப்பவர்கள் பி.கே.சி. என்றே சொல்கிறார்கள். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்களில் விளையும் நெல்லைக் குத்தினால் தவிடு கிடைக்கிறது. கோழித் தீனிக்கு வேண்டிய மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் பெரும்பாலும் அர்ஜெண்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றன. கடல் தாண்டி வந்ததோ, பக்கத்து ஆலையில் பிழிந்ததோ, எல்லாமே கிடங்கு, லாரி, மூட்டை என்று பல கை மாறித்தான் கோழியின் தொட்டிக்கும் மாட்டின் வாளிக்கும் போய்ச் சேர்கின்றன.

சால்மோனெல்லாவில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. விலங்கின் குடலில் வாழும் கிருமி அது என்பதால், காய்ந்த புண்ணாக்கில் அதற்கு என்ன வேலை என்று தோன்றலாம். காய்ந்த தீனியில் அது பெருகுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சாவதும் இல்லை. மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் அப்படியே கிடக்கும். கூரை ஒழுகி மூட்டையின் ஒரு மூலை நனைந்தால் போதும். நம் ஊர் வெக்கையில் அந்த ஈரத் திட்டுக்குள் சில மணி நேரத்தில் ஒன்று ஆயிரமாகிவிடும். பிறகு அந்த இடம் மறுபடி காய்ந்துவிடும். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மணமும் மாறாமல் இருக்கலாம். பூஞ்சணம் பிடித்த தீனியை எவரும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார்கள். சால்மோனெல்லா பிடித்த தீனியை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சூடு இதைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை. எப்படிப்பட்ட சூடு என்பதுதான் கேள்வி. பெல்லட் தீனி செய்யும் ஆலையில் அரைத்த மாவோடு நீராவியைக் கலந்து 80, 85 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, போதிய நேரம் வைத்து, பிறகு அச்சில் அழுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் ஈரமும் சேர்ந்திருப்பதால் கிருமி மடிகிறது. ஈரமில்லாத, எண்ணெய்ப் பசையுள்ள பொருளில் அதே சூடு பட்டால் கிருமி நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். இன்னொரு செய்தியும் உண்டு. முட்டையிடும் கோழிகளுக்குப் பொதுவாகக் கொடுப்பது பெல்லட் அல்ல, மாவுத் தீனி. தனியாகச் சூடேற்றும் ஏற்பாடு இல்லாவிட்டால், அரைத்துக் கலந்து நேராகத் தொட்டிக்குப் போகும் தீனி அது. சூடு காப்பாற்றும் என்று நாம் நம்பியிருக்க, நாம் மிக அதிகமாக உண்ணும் முட்டையைத் தரும் கோழியின் தீனி பல நேரங்களில் சூட்டையே பார்ப்பதில்லை.

பார்த்தாலும் என்ன ஆகிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். அச்சிலிருந்து வெளிவரும் பெல்லட் ஆவி பறக்கும் சூட்டில் இருக்கும். அப்படியே மூட்டை கட்டினால் வியர்த்துக் கெட்டுவிடும் என்பதால் ஆறவைக்கும் கலத்துக்குள் விழவிடுகிறார்கள். பெரிய விசிறி வெளிக்காற்றை இழுத்துப் பெல்லட்டுக்கு நடுவே ஓட்டுகிறது. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? மூலப்பொருள் கொட்டும் குழிக்குப் பக்கத்திலிருந்து வந்தால், இன்னும் சூடு படாத சோயா, புண்ணாக்கு ஆகியவற்றின் தூசி, இப்போதுதான் சூட்டில் சுத்தமான பெல்லட்டின் மேல் படிகிறது. கலத்தின் மேல்மூடி வெளிப்புறம் குளிர்ந்திருக்கும். உள்ளே எழும் ஆவி அதில் பட்டுத் துளித்துளியாகக் கோக்கும். அந்தத் துளியில் தூசி ஒட்டிப் பசையாகி, பசை காய்ந்து பொருக்காகி, பொருக்கின் மேல் மறுபடி துளி கோத்து, நாளடைவில் விரல் கனத்துக்கு ஓர் அடை உண்டாகும். வெதுவெதுப்பு, ஈரம், சத்து மூன்றும் அங்கே கிடைக்கின்றன. சால்மோனெல்லா கேட்பது அவ்வளவுதான். இயந்திரம் அதிரும்போது அந்த அடையிலிருந்து சிறு சிறு துணுக்குகள் உதிர்ந்து, கீழே ஓடும் தீனியில் கலக்கும். கிருமி இன்று போகும் லாரியில் இருக்கும், நாளை போகும் லாரியில் இருக்காது, மறுநாள் மறுபடி இருக்கும். தீனியை மேலே தூக்கும் வாளிச் சங்கிலியின் அடிக்குழியிலும், குதிர் உச்சியின் உட்புறத்திலும் நடப்பது இதே கதைதான்.

அதனால்தான் தயாரான தீனியில் ஒரு பிடி எடுத்துச் சோதித்து, கிருமி இல்லை என்று சான்று கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆய்வகத்தில் வழக்கமாக எடுக்கும் மாதிரி 25 கிராம். 25 டன் ஏற்றிய லாரியில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கிருமி தீனி முழுவதும் சீராகப் பரவியிருப்பதும் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. மாதிரி எடுத்த இடத்தில் அது இல்லாமல் போவது மிக எளிது. சோதனை வேண்டாம் என்பதல்ல என் கருத்து. சோதிக்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

சுவீடன் அப்படி மாற்றிய நாடு. 1953இல் அங்கே ஆல்வெஸ்டா என்ற ஊரின் இறைச்சிக்கூடத்திலிருந்து பரவிய சால்மோனெல்லாவால் சுமார் 9,000 பேர் நோயுற்றார்கள், ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு கிருமியை இறைச்சிக் கடையில் தேடினால் போதாது, பண்ணையிலும் அதற்கு முன்னால் தீனியிலும் தேட வேண்டும் என்று அந்த நாடு முடிவெடுத்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து அங்குள்ள தீனி ஆலைகளில் வாராவாரம் மாதிரி எடுக்கிறார்கள். தயாரான தீனியைவிட ஆலையின் மூலைகளையே அதிகம் சோதிக்கிறார்கள்: மூலப்பொருள் கொட்டும் குழி, ஆறவைக்கும் கலத்தின் மேற்புறம், அதைச் சுற்றியுள்ள தரை, தூசி உறிஞ்சியின் வடிகட்டி, குதிரின் உச்சி. தூசி ஒரு வாரம் முழுவதும் ஆலையில் ஓடிய தீனியின் வரலாற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் கிருமி இருந்தால், தீனிக்குள் அது தெரியவரும் முன்பே ஆலை உஷாராகிவிடலாம். சுவீடனில் வளர்க்கப்படும் கோழியிலும் முட்டையிலும் சால்மோனெல்லா இன்று மிக அரிது. தீனிக் கட்டுப்பாடு ஒன்றினால் மட்டும் வந்த பலன் அல்ல அது. ஆனால் தீனியை விட்டுவிட்டு அது வந்திருக்காது. குளிர்நாட்டு வழக்கம் நம் வெப்பத்துக்குச் சரிப்படுமா என்று சிலர் கேட்கலாம். குளிர்நாட்டில் வெதுவெதுப்பான தீனி உறைகுளிர் குதிருக்குள் போகும்போது ஆவி கோப்பது மிக அதிகம். அவர்கள் அதைச் சமாளித்திருக்கிறார்கள். நமக்கு ஆண்டு முழுவதும் காற்றே ஈரம் என்பதால் மூலைகளைக் கவனிக்கும் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

இங்கே நம் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. சுத்தம் என்றால் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் என்று வளர்ந்தவர்கள் நாம். வாசலைக் கழுவுகிறோம், கொட்டகையைக் கழுவுகிறோம். தீனி ஆலையிலும் கிடங்கிலும் அந்தப் பழக்கம் கெடுதல் செய்யும். குழாயை வைத்துத் தண்ணீர் பீய்ச்சினால், அதுவரை காய்ந்து சும்மா கிடந்த கிருமிக்கு விருந்து வைத்ததாகிறது. தரை விரிசலிலும் இயந்திரத்தின் இடுக்கிலும் ஈரம் நாள்கணக்கில் தங்கும். அங்கே சுரண்டி, பெருக்கி, உறிஞ்சித்தான் சுத்தம் செய்ய வேண்டும். தண்ணீர் தவிர்க்க முடியாத இடத்தில் கழுவிய பிறகு கிருமிநாசினி தெளித்து, முழுக்கக் காய்ந்த பின்தான் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். இதை வேலையாட்களுக்கு ஒருமுறை விளக்கிச் சொல்வதற்குச் செலவே கிடையாது.

முட்டையையும் கோழியையும் சமைத்துத்தானே சாப்பிடுகிறோம், அடுப்பில் கிருமி சாகத்தானே போகிறது, அதற்காகத் தீனி வரைக்கும் போக வேண்டுமா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஆனால் மலேசியர்கள் ஆளுக்கு ஆண்டுக்கு 300க்கு மேற்பட்ட முட்டை சாப்பிடுகிறார்கள். அவற்றில் கோப்பிக் கடையில் ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டையும் சேர்த்தி. எண்டரிடிடிஸ் வகைக் கிருமி கோழியின் சினைப்பையைத் தொற்றி, ஓடு விரியாத முட்டைக்குள்ளேயே போய்விடும். வெளியே கழுவிப் பயனில்லை. பச்சைக்கோழி வெட்டிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்கும் சமையலறைகளில் அடுப்பு எதையும் காப்பாற்றாது. குழந்தைக்கும் முதியவருக்கும் அந்த வயிற்றுப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நாளும் எந்தத் தவறும் நடக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பதைவிட, சில ஆலைகளில் சில மூலைகளை ஈரமில்லாமல் வைத்திருப்பது எளிது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. பண்ணைக்குச் சால்மோனெல்லா கொண்டு வருவதில் எலிக்கும் தொற்றுள்ள குஞ்சுக்கும்தான் பெரும்பங்கு, தீனியில் அகப்படும் வகைகள் பலவும் மனிதரை அதிகம் தாக்காதவை என்று கால்நடை மருத்துவர்கள் சிலர் சொல்வார்கள். பெருமளவு உண்மை. சுண்டெலியின் ஒரே ஒரு புழுக்கையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் இருக்கக்கூடும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஆனால் எலி ஒரு பண்ணையைத்தான் கெடுக்கும். தீனி ஒரே வாரத்தில் ஐம்பது பண்ணைகளுக்குப் போகும். அதோடு, நாட்டில் இதுவரை இல்லாத ஒரு வகையைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து விடக்கூடியது தீனிதான். சால்மோனெல்லா அகோனா என்ற வகை 1970க்கு முன் அமெரிக்காவில் மிக அரிது. பெரு நாட்டிலிருந்து வந்த மீன்தூள் கோழித் தீனியில் சேர்ந்தது. அந்தத் தீனி தின்ற கோழிகள் வழியாக 1972இல் ஆர்கன்சாவின் சிற்றூர் ஒன்றில் மக்கள் நோயுற்றபோது, தடம் பிடித்துப் போனவர்கள் மிசிசிப்பியில் ஒரு கோழிப் பண்ணையையும், அங்கிருந்து மீன்தூளையும் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் அகோனா அங்கே மனிதரிடம் அதிகம் காணப்படும் பத்து வகைகளில் ஒன்றாகியிருந்தது. பிரிட்டன், நெதர்லாந்து, இஸ்ரேல் ஆகிய நாடுகளிலும் அதே மீன்தூளோடு அதே கிருமி பரவியது. அமெரிக்காவில் மட்டும் அதனால் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றிருப்பார்கள் என்று 2002இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மீன்தூளை நிறுத்திய பிறகும் கிருமி போகவில்லை. அதற்குள் கோழிகளிடம் நிரந்தரமாகக் குடிபுகுந்துவிட்டது. கப்பலில் வரும் தீனிப் பொருளை நம்பிக் கோழி வளர்க்கும் நாடு இந்தக் கதையை மறந்துவிடக் கூடாது. எலியைத் தீனிக்கு எதிராக நிறுத்திப் பேசுவதும் பொருந்தாது. எலி வருவதே சிந்திக் கிடக்கும் தீனிக்காகத்தான். எலி ஒழிக்க ஆந்தைக் கூண்டு வைத்துக் கூகை வளர்த்த செம்பனைத் தோட்டங்களுக்கு இது புதிய பாடம் அல்ல.

மருந்து கலந்தால் போதாதா என்பது குறுக்கு வழி தேடுபவர்களின் கேள்வி. நோய் எதிர்ப்பு மருந்தைத் தீனியில் கலந்ததன் விளைவை உலகம் கண்டுவிட்டது. மருந்துக்கு அடங்காத கிருமி பெருகியது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்த மலேசியாவே 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. ஃபார்மால்டிஹைடு கிருமியைக் கொல்லும், ஆனால் அதைக் கையாளும் தொழிலாளியின் மூச்சுக்கும் கண்ணுக்கும் கேடு. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதைத் தீனியில் சேர்க்க அனுமதி மறுத்தது. ஃபார்மிக், புரோப்பியோனிக் போன்ற அமிலங்கள் ஓரளவு உதவுகின்றன, சுத்தமான தீனி மறுபடி கெடாமல் காக்கின்றன. ஆனால் அமிலம் கலந்த தீனியில் உயிரோடிருக்கும் கிருமியே ஆய்வகச் சோதனையில் அகப்படாமல் போவதுண்டு. கலத்தின் மூடியில் அடை பிடித்திருக்கும்போது தீனியில் அமிலம் ஊற்றுவது பலவீனமான வைத்தியம்.

இதுவரை சொன்னது ஆலையைப் பற்றி. தோட்டப்புறத்து மாட்டுக் கொட்டகையைப் பற்றிப் பேசாவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். தோட்டத்துச் சம்பளம் போதாத காலத்தில் நம் மக்கள் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளான பிறகும் வட சிலாங்கூரில் அந்தத் தொழிலை விடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மாடு தின்பது செம்பனை நிழலில் முளைக்கும் புல், பி.கே.சி., தவிடு, சில இடங்களில் தௌஃபு செய்த பின் எஞ்சும் சோயாச் சக்கை. கொட்டகையின் ஓர் ஓரத்தில் மண் தரையில் அடுக்கிய மூட்டை அடியிலிருந்து ஈரம் குடிக்கிறது. மாலை மழையில் தகரக் கூரையின் ஆணித் துளை வழியாகச் சொட்டுகிறது. பிரித்த மூட்டையைக் கோழி கிளறுகிறது, எலி ஓட்டை போடுகிறது. நேற்றுக் கரைத்த புண்ணாக்கின் மிச்சம் வாளியின் அடியில் இருக்க, அதன் மேலேயே இன்றைக்கும் கரைக்கிறார்கள். சோயாச் சக்கை ஈரமாகவே வருவது. ஒரு நாள் தாண்டினால் புளிக்கத் தொடங்கும். நம்மவர்கள் பாலைப் பொங்கக் காய்ச்சித்தான் குடிப்பார்கள் என்பதால் பாலில் வரும் ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஆனால் கன்று கழிந்து சாவது நீங்குவதில்லை. சாணி போட்ட பாத்தியில் பறிக்கும் கீரையும், கொட்டகை வாசலில் விளையாடும் குழந்தையின் கையும் பாலைப் போல அடுப்பில் பொங்குவதில்லை.

இவர்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டின் தீனிச் சட்டம், தீனியின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு நான்கையும் கட்டுப்படுத்தி, விலங்குக்கும் அதை உண்ணும் மனிதருக்கும் தீங்கில்லாத தீனி கிடைக்க வேண்டும் என்பதற்காகவே வந்தது. அதைச் செயல்படுத்துவது கால்நடைச் சேவைத் துறை. ஆனால் ஆலை வாசலையும் துறைமுகத்தையும் கண்காணிப்பது எளிது; கடைசி மூட்டையைக் கண்காணிப்பது கடினம். நியூசிலாந்துப் பால்பண்ணைகள் நம் வட்டாரச் செம்பனைப் புண்ணாக்கை ஏராளமாக வாங்குகின்றன. அங்கே அனுப்ப வேண்டுமானால் பிழியும் ஆலை, கிடங்கு, கப்பலேற்றும் இடம் எல்லாம் அவர்கள் போடும் நிபந்தனைக்கு உட்பட வேண்டும். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி நிற்கும் பசுவுக்காக இவ்வளவு செய்ய முடிகிறது என்றால், ஆலையின் புகை தெரியும் தூரத்தில் நிற்கும் பசுவுக்கு ஏன் முடியாது?

செலவு ஆகும் என்பார்கள். கோழி வளர்ப்புச் செலவில் சுமார் 70 விழுக்காடு தீனிதான். அதன் விலை சற்று ஏறினாலும் பண்ணைக்காரரால் தாங்க முடியாது என்பது உண்மை. அதனால்தான் விலை உயர்ந்த மருந்தையும் புதிய இயந்திரத்தையும் முதலில் கேட்கவில்லை. ஆறவைக்கும் கலத்துக்குக் காற்று இழுக்கும் வாயைச் சூடு படாத பொருளின் பக்கத்திலிருந்து மாற்றி வைப்பதும், மூடிக்கு மேல் வெப்பக்காப்புப் போட்டு ஆவி கோக்காமல் செய்வதும் ஒருமுறை ஆகும் செலவு. தூசி மாதிரி எடுத்து அனுப்புவது மாதத்துக்கு ஒருமுறையாவது எந்த ஆலைக்கும் கட்டுப்படியாகும். கொட்டகையில் வேண்டியது இன்னும் குறைவு: பழைய மரப்பலகைத் தட்டு இரண்டு போட்டு மூட்டையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு கை தள்ளி அடுக்குவது, பிரித்த மூட்டைக்கு மூடியுள்ள நீலப் பீப்பாய், முந்தி வந்ததை முந்தித் தீர்ப்பது, வாளியைத் தினமும் கழுவி வெயிலில் கவிழ்ப்பது. மாட்டுக்காரர் எவருக்கும் இதைச் செய்யும் அறிவும் கையும் உண்டு. ஏன் செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் போய்ச் சொல்லவில்லை. மலாயிலும் தமிழிலும் நாலு வரி மூட்டையிலேயே அச்சிட்டால் போதும்.

அவர்களால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. நனைந்த மூட்டையைத் தூக்கிப் போடுவது. ஒரு மூட்டைக்குக் கொடுத்த வெள்ளி சின்னப் பணமல்ல. நனைந்ததை வெயிலில் பரப்பிக் காயவைத்து மாட்டுக்குக் கொடுத்துவிடத்தான் எவருக்கும் தோன்றும். காய்ந்தால் ஈரம் போகும், அதற்குள் பெருகிய கிருமி போகாது. எனவே கடையிலோ லாரியிலோ நனைந்த மூட்டையைக் கேள்வி கேட்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு மாற்றித் தரும் பொறுப்பை ஆலையும் விற்பனையாளரும் ஏற்க வேண்டும். அதைச் சட்டத்தின் விதியாகவே எழுதிவிடலாம். வட சிலாங்கூரின் சிற்றூர்களில் மூட்டை பிரித்துக் கிலோ கணக்கில் தீனி விற்கும் கடைகளிலிருந்து கால்நடைத் துறை இதைத் தொடங்கினால், ஒரு மழைக்காலத்துக்குள் எத்தனை மூட்டைகள் திரும்பி வருகின்றன என்ற கணக்காவது முதன்முறையாக நம் கைக்குக் கிடைக்கும்.